ஏழு வருடம் அசையாத கோட்டை ஒரே ராத்திரியில் விழுந்தது!
துப்பாக்கி வளர்ந்த கதையைச் சொல்லும் செஞ்சி மலை

தேசிங்கு ராஜன் எப்படி இறந்தான்?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. கதைப்பாட்டில் வரும் தேசிங்கு எதிரியின் கையால் சாவதில்லை. தன் வாளாலேயே உயிரை விடுகிறான். சரித்திரம் எழுதியவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். போர்க்களத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து அவன் மாண்டான் என்பது அவர்கள் தரும் செய்தி.

ஊர் ஊராகப் பாடியவர்களுக்கு அந்தக் குண்டு பிடிக்கவில்லை போலும். பாராசாரி என்ற முரட்டுக் குதிரையை அடக்கியவன், பெயர் தெரியாத ஒரு சிப்பாய் தள்ளி நின்று சுட்ட ஈயத் துண்டுக்குப் பலியானான் என்று பாட யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் செஞ்சியின் கதையில் பாதி, துப்பாக்கியின் கதைதான். எப்போதெல்லாம் அந்தக் கோட்டை கை மாறியதோ, அப்போதெல்லாம் ஆயுதமும் ஒரு படி மாறியிருந்தது.

மூன்று மலைகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை, செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது. இரு பக்கமும் மலைகள். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டியது போல இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று அவற்றுக்குப் பெயர். மூன்றையும் சேர்த்து முக்கோணமாக மதில் எழுப்பியிருக்கிறார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர்.

மூன்றில் உயர்ந்தது ராஜகிரி. சுமார் 800 அடி. ஆனந்தக்கோன் என்ற இடையர் தலைவன் 1200-ம் ஆண்டு வாக்கில் இங்கே முதல் கோட்டையைக் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்போது நம் பக்கத்தில் துப்பாக்கி கிடையாது. பகைவன் வந்தால் அம்பு எய்வான், ஏணி வைத்து ஏறுவான், யானையை விட்டுக் கதவை முட்ட வைப்பான். இவற்றைத் தடுக்க வேண்டும் என்றால் மலையை விடச் சிறந்த மதில் ஏது? யானை மலை உச்சிக்கு ஏறி வந்து முட்ட முடியாதே!

ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவு 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்றால் போதும், ஒரு பெரும்படையே இந்தப் பக்கம் நின்று விழிக்க வேண்டியதுதான்.

விஜயநகர ராயர்கள் காலத்திலும் பிறகு நாயக்கர்கள் காலத்திலும் செஞ்சி பெரிய நகரமாக வளர்ந்தது. 1597-ம் ஆண்டு இங்கு வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் ஒன்றைத் தவிர இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

சொல் எங்கிருந்து வந்தது?

துப்பாக்கி என்ற சொல் தமிழ்ச் சொல் அல்ல; துருக்கி மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பியர்களைப் "பரங்கி" என்று அழைத்தோம் அல்லவா? அந்தப் பரங்கியின் ஆயுதம் பீரங்கி ஆயிற்று. நம் முன்னோர்கள் யாரிடமிருந்து எதைக் கண்டார்கள் என்பது இந்த இரண்டு சொற்களிலேயே தெரிகிறது.

ஆனால் வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள். அது நடந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மருந்து. நூறு பங்கில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். தீபாவளிக்குப் பிள்ளைகள் விடும் வாணத்திலும் இதே மருந்துதான்.

விறகு எரியக் காற்று வேண்டும். அடுப்பை மூடினால் நெருப்பு அணைந்துவிடும். வெடிமருந்துக்கு அந்தக் கவலை இல்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பே கொடுத்துவிடுகிறது. அதனால் மூடிய குழாய்க்குள்ளும் அது குபீர் என்று எரியும். எரிந்த மருந்து புகையாகவும் வாயுவாகவும் விரிந்து, வெளியே போக வழி தேடும். ஒரு பக்கம் அடைத்த குழாய் என்றால் மறு பக்கம்தான் வழி. அங்கே இருக்கும் குண்டைத் தள்ளிக்கொண்டு பாயும். கைத்துப்பாக்கியிலிருந்து பெரிய பீரங்கி வரை எல்லாவற்றுக்கும் சூட்சுமம் இதுதான்.

குழாய்க்குள் இருக்கும் மருந்துக்கு எப்படி நெருப்பு வைப்பது? இங்கேதான் பல நூற்றாண்டு மூளையைக் கசக்கினார்கள்.

முதலில் வந்தது திரித் துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிறுதான் திரி. அது ஊதுவத்தி போல மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். வீரன் குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிப்பான். குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. பற்றுவாய் என்று அதற்குப் பெயர். அங்கே கொஞ்சம் மருந்தை வைப்பான். விசையை இழுத்ததும் கனலும் திரி பற்றுவாயில் போய்த் தொடும். பிறகுதான் "டுமீல்!"

இத்தனையும் செய்வதற்குள் எதிரியின் குதிரை பக்கத்தில் வந்துவிடும். மழை பெய்தால் திரி நனைந்து போகும். இருட்டில் பதுங்கி நின்றால் திரியின் கனலே ஆளைக் காட்டிக் கொடுக்கும். மருந்துப் பையைத் தோளிலும் நெருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போன அந்த மனிதர்களின் நெஞ்சுரத்தை என்ன சொல்வது!

சிவாஜி கட்டிய மதில்

பீஜப்பூர் சுல்தானின் படை 1649-ல் செஞ்சியைப் பிடித்தது. 1677-ல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். தெற்கே தமக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். வேண்டாத பழைய கட்டடங்களை இடித்து, புதிய மதில்களும் கொத்தளங்களும் அகழிகளும் அமைத்தார். ஐரோப்பியர் கூடக் குறை சொல்ல முடியாதபடி வேலை நடந்தது என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் தம் கடிதத்தில் வியந்திருக்கிறார்.

பீரங்கி வந்த பிறகு மதில் கட்டும் முறையே மாறிப் போயிற்று. உயரமான, மெல்லிய கல் சுவரில் இரும்புக் குண்டு தொடர்ந்து மோதினால் விரிசல் விட்டு இடிந்து விழும். மதில் தடியாக இருந்து, நடுவில் மண்ணை நிரப்பியிருந்தால், குண்டு மண்ணில் புதைந்து அடங்கிவிடும். செஞ்சிக் கீழ்க்கோட்டை மதிலின் அகலம் சுமார் 60 அடி. அதற்கு வெளியே 80 அடி அகலத்தில் அகழி. மதில் மேல் மாட்டு வண்டியே ஓட்டலாம். இவ்வளவு அகலம் எதற்கு என்று இன்று பார்க்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. பீரங்கிக்குப் பயந்து போட்ட அகலம் அது.

குண்டு விழுந்த ஊர்கள்

சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், அவுரங்கசீப்பின் படைகளுக்குத் தப்பி 1689-ல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரமே செஞ்சிக்கு மாறியது. தலைநகரம் வந்தது, பணம் வரவில்லை. கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டையை விற்க ஏற்பாடு ஆயிற்று. வாங்கியவர்கள் சென்னையில் இருந்த இங்கிலீஷ் கம்பெனியார்.

கோட்டையோடு எவ்வளவு நிலம்? இதற்கு ஒரு விசித்திரமான கணக்கு எழுதினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு!

அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் உள்ள யேல் சர்வகலாசாலைக்கு இவர் பெயர்தான். ஆள் பலே கெட்டிக்காரர். தேவனாம்பட்டினத்துக்குச் சென்னையிலிருந்தே நல்ல பீரங்கி அனுப்பி வைத்தார். மருந்து கெட்டிப்பதில் கைதேர்ந்த பீரங்கிக்காரன் அதை இயக்கினான். 1690-ம் ஆண்டு செப்டம்பரில் நான்கு திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் குண்டின் எல்லைக்குள் வந்துவிட்டன.

அவற்றுக்குக் "குண்டு கிராமங்கள்" என்று பெயர் வந்தது. கடலூர்ப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. சங்கிலி பிடித்து நிலம் அளப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பீரங்கியால் அளந்தது இங்கேதான்.

பீரங்கியால் முடியாதது

அதே 1690-ல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் பெரும்படையோடு செஞ்சியைச் சுற்றி வளைத்தார். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தார்களோ என்னவோ, முற்றுகை ஏழு வருடத்துக்கு மேல் நீண்டது.

காரணம் என்ன? மலை மேல் இருந்த கோட்டையை நோக்கிக் கீழே இருந்து சுட வேண்டும். அந்தக் காலத்துப் பீரங்கிகளை அவ்வளவு உயரத்துக்குக் குறி பார்ப்பது கஷ்டம். குண்டு போய்ப் பாறையில் மோதித் திரும்பும். மேலே இருந்தவர்களுக்கோ கீழே சுடுவது சுலபம். போதாததற்கு முற்றுகையிட்டவர்களுக்கே வெடிமருந்து தட்டுப்பாடு. சென்னையில் இருந்த இங்கிலீஷ்காரர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தானாஜி ஜாதவும் வெளியே இருந்து வந்து தாக்கினார்கள். உணவு வரும் வழியெல்லாம் அடைபட்டது. முற்றுகை போட்டவர்களே முற்றுகையில் சிக்கிக்கொண்ட கதையாயிற்று! சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

தளபதிக்கே கோட்டையைப் பிடிக்க மனமில்லை, சண்டை நீடிப்பதில் அவருக்கு ஆதாயம் இருந்தது என்று அந்தப் படையோடு இருந்த பீம்சேன் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதில் உண்மை இருக்க வேண்டும். கோட்டை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ராஜாராம் தப்பிப் போய்விட்டார் அல்லவா?

1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. எப்படி விழுந்தது தெரியுமா? மதில் மேல் வீரர்கள் ஏறிக் குதித்தார்கள். பீரங்கி யுகத்திலும் பழைய ஏறு படைதான் வேலையை முடித்தது.

22 வயது

முகலாயருக்காகச் செஞ்சியை ஆள வந்தவர் சொரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பட்டத்துக்கு வந்தான். நம் ஜனங்களின் நாவில் தேஜ் சிங், தேசிங்கு ஆனான்.

கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கு மறுத்தான். 1714-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி சண்டை. நவாபின் படை ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு பேர். கோட்டைக்குள் இருந்துகொண்டே சண்டை போட்டிருக்கலாம். ஏழு வருடம் ஒரு பேரரசின் படையைத் தாங்கிய மதில் அது. வாலிபன் கேட்கவில்லை. உயிர் நண்பன் மகபத் கானுடன் வெளியே வந்து, ஆற்றங்கரையில் நேருக்கு நேர் மோதினான். நண்பனும் மாண்டான், அவனும் மாண்டான். அப்போது தேசிங்குக்கு வயது 22.

குதிரைவீரனின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. வாள் வீசக் கற்றுக்கொள்ளப் பல வருடம் வேண்டும். ஏர் உழுதவனைக் கூட்டிவந்து துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுக்கச் சில வாரம் போதும். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழக்கு.

நிமிடத்துக்கு மூன்று குண்டு

தேசிங்கு இறந்து 36 வருடம் கழித்து, செஞ்சிக்கு வேறு விதமான படை வந்தது.

அதற்குள் ஐரோப்பாவில் திரி ஒழிந்து சக்கிமுக்கிக் கல் வந்துவிட்டது. துப்பாக்கியின் மேலே ஒரு கொக்கி. அதன் வாயில் ஒரு கல். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி பறக்கும். பொறி மருந்தில் விழும். கையில் நெருப்பு வேண்டாம், இருட்டில் கனல் தெரியாது. ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டித் தோட்டா ஆக்கினார்கள். பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்ட வேண்டியதுதான். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டான். துப்பாக்கியின் நுனியில் சனியன் என்ற குத்துக்கத்தியை மாட்டியதும் அதுவே ஈட்டியும் ஆயிற்று.

ஆனால் இந்தத் துப்பாக்கியும் நூறு கஜத்துக்கு மேல் குறி தவறும். அதனால் வரிசையாக நிறுத்தி, ஒரே கட்டளையில் எல்லோரையும் சுட வைத்தார்கள். கவாத்து என்பது பிறந்தது இதற்காகத்தான்.

இதன் பலத்தைத் தமிழ்நாடு முதலில் பார்த்தது 1746-ல், சென்னை அடையாற்றங்கரையில். பாரடிஸ் என்பவரின் கீழ் இருந்த பிரெஞ்சுப் படை சுமார் ஆயிரம் பேர்; அவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எதிரே நவாபின் மகன் மாபூஸ் கானின் பத்தாயிரம் பேர். ஆயிரம் பேர் வென்றார்கள். பீரங்கியைக் கால் மணிக்கு ஒரு தடவை சுட்டால் போதும் என்று நவாபின் ஆட்கள் எண்ணியிருந்தார்கள் என்றும், பிரெஞ்சுக்காரர்கள் ஒரே நிமிடத்தில் ஐந்தாறு தடவை சுட்டதைக் கண்டு திகைத்தார்கள் என்றும் ஓர்ம் என்ற சரித்திர ஆசிரியர் எழுதுகிறார்.

1750-ம் ஆண்டு செப்டம்பர் 11. தோற்றுப்போன முகம்மது அலியின் ஆட்கள் செஞ்சியில் வந்து ஒதுங்கியிருந்தார்கள். புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் படையைச் சேர்ந்த புஸ்ஸி என்ற தளபதி அவர்களை விரட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் 250 ஐரோப்பியரும் 1200 சிப்பாய்களும். பின்னாலேயே பிரதானப் படையும் வந்து சேர்ந்தது.

பொழுது சாய்ந்தது. மணி போன்ற இரும்புப் பாத்திரத்தில் மருந்தை அடைத்து, கோட்டைக் கதவோடு பொருத்தி வெடித்தார்கள். கதவு தூள் தூளாயிற்று. உள்ளே பாய்ந்து கீழ்க்கோட்டையைப் பிடித்தார்கள். மூன்று மலைகளிலிருந்தும் குண்டு மழை பொழிந்தது. புஸ்ஸி அவசரப்படவில்லை. நிலா மறையும் வரை காத்திருந்தார். இருட்டியதும் படையை மூன்றாகப் பிரித்து, மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறச் சொன்னார். திரித் துப்பாக்கியோடு இந்த வேலைக்குப் போயிருந்தால் ஒவ்வொருவன் கையிலும் ஒரு கனல் மின்னி, மேலே இருப்பவனுக்கு இலக்குக் காட்டியிருக்கும்.

பொழுது விடிந்தபோது மூன்று மலைகளும் பிரெஞ்சுக்காரர் வசம். காலை வெளிச்சத்தில் தாங்கள் ஏறி வந்த பாறைகளைப் பார்த்து அவர்களே மலைத்துப் போனார்களாம்!

இதற்குத் துப்பாக்கி ஒன்றையே காரணமாகச் சொல்லிவிடக் கூடாது. உள்ளே இருந்தவர்கள் தோற்று ஓடி வந்தவர்கள், மனம் உடைந்தவர்கள். மதிலில் நிற்கும் மனிதன் தளர்ந்து விட்டால் 60 அடி அகலம் இருந்து என்ன?

கொசுவும் கோட்டையும்

பிரெஞ்சுக்காரர் செஞ்சியை வைத்திருந்தது பத்து வருடத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் 1200 ஐரோப்பியச் சிப்பாய்களை அங்கே புதைத்தார்கள். பெரும்பாலும் காய்ச்சல்தான் காரணம்.

1761-ல் புதுச்சேரி விழுந்த பிறகு, ஸ்டீபன் ஸ்மித் என்ற இங்கிலீஷ் காப்டன் செஞ்சியை வளைத்தார். லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருடத்தில் இந்த மலைகளைப் பிடிக்க முடியாது என்று உள்ளே இருந்த மக்கிரிகர் சவால் விட்டார். சில வாரம் கழித்து, ஏப்ரல் 5-ந் தேதி அவரே கோட்டையை ஒப்படைத்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்தது. கோட்டைக் காவலுக்கு இருந்த மெக்காலே என்ற இளம் அதிகாரி சண்டை போட நினைத்தார்; அவருடைய சிப்பாய்கள் மறுத்துவிட்டார்கள். அதோடு செஞ்சியின் யுத்த வாழ்வு முடிந்தது.

ஹைதரின் படையில் இருந்த ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, நீண்ட கழியில் கட்டி விடுவார்கள். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கம்பெனிப் படை படுதோல்வி அடைந்த போரில் இவையும் சீறிப் பாய்ந்தன. இங்கிலாந்தில் பின்னால் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் செய்ததற்கு மைசூர் ராக்கெட்தான் முன்மாதிரி.

பறவை தந்த யோசனை

பிறகு துப்பாக்கி ஓட்டமாய் ஓடியது. ஸ்காட்லாந்தில் போர்சித் என்று ஒரு பாதிரியார். அவருக்குப் பறவை வேட்டையில் ஆசை. விசையை இழுத்ததும் சக்கிமுக்கிப் பொறி பளிச்சிடும். அதைப் பார்த்துப் பறவை பறந்துவிடும். எரிச்சலான பாதிரியார், தட்டினாலே தீப்பற்றும் ரசாயன மருந்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து, 1807-ல் காப்புரிமை வாங்கினார். பொறியும் வேண்டாம், மழைக் கவலையும் வேண்டாம். குழாய்க்குள் திருகு போல வரி வெட்டி, குண்டைச் சுழல வைத்தார்கள். நூறு கஜம் என்பது பல நூறு கஜம் ஆயிற்று. 1884-ல் புகையில்லாத மருந்து வந்தது. அந்தச் சமயத்தில்தான் மாக்சிம் தன் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். நிமிடத்துக்கு 600 குண்டு!

இவற்றில் எதையும் செஞ்சி பார்க்கவில்லை. மதில்கள் மேல் செடி முளைத்தது. வெங்கடரமணர் கோயிலில் இருந்த அழகிய கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான தூண்கள் அவைதான்.

2025-ம் ஆண்டு ஜூலையில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. படியேற முடிந்தவர்கள் ராஜகிரி உச்சி வரை போகலாம். மேலே பழைய பீரங்கி ஒன்று கிடக்கிறது. கீழே வெடிமருந்துக் கிடங்கும் நெற்களஞ்சியமும் இருக்கின்றன. தேசிங்கை வென்றதற்காகச் சாதத்துல்லா கான் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. செட்டிக்குளத்துக் கரையில் தேசிங்கின் உடலை எரித்த இடம் என்று ஊரார் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். எப்படிச் செத்தான் என்று அவர்களைக் கேட்டால், பாட்டில் உள்ளபடிதான் சொல்வார்கள்.